எத்தனையாவது நாள்

கண்டி நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். நிற்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கடையில் வேலை செய்பவர்களுக்குக் கதிரை கிடையாது. காலை எட்டரைக்கு நிற்கத் தொடங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் கால்களுக்கு விடுதலை. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் தமிழிலும் சிங்களத்திலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எத்தனையாவது நாள்? மூன்றாவது நாள் என்று சொன்னால், மாத்திரையைக் கொடுத்த கையோடு ரத்தம் பார்க்கவும் அனுப்பிவிடுவேன். டெங்கு பரவும் மாதங்களில் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிக்கொள்ளும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுக்கிறவர்களைத் திட்டியும் இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலாளியே சில நேரம் பயப்படுவார்.

இப்படிப்பட்ட நான் என் சொந்த மகளுக்கு என்ன செய்தேன் என்பதை எழுதப்போகிறேன். எழுதினால் மனது லேசாகும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு ஹந்தானையில், தேயிலை மலைக்கு நடுவில், தோட்டத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஒரு லயத்தில் இருக்கிறது. என் அம்மா கொழுந்து பறித்தபோது கிடைத்த ஒற்றை அறைக் காம்பராதான். இப்போது எங்களில் யாரும் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். மகளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. என் வாய்க்கும் சேர்த்து அவள் அமைதியாக இருந்தாள் என்றுதான் எல்லாரும் கேலி செய்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அவள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஐந்து மணியளவில் குளிரடித்ததாகச் சொன்னாள். தொட்டுப் பார்த்தால் நல்ல சூடு. பரசிட்டமோல் கொடுத்தேன். செவ்வாயும் கொடுத்தேன். புதன்கிழமையோடு மூன்றாவது நாள், ரத்தம் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்தும் வைத்தேன். அதுவரை நான் கடையில் நிற்கும் ஆளைப்போலத்தான் நடந்துகொண்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் அவளுடைய கையிலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். எதிர்க் காம்பரா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இது அம்மாள் இல்லாம வேற என்னா? பாத்தாலே தெரியலையா? அந்தக் கடேசி காம்பராவுல ரெண்டு பேருக்குப் போட்டு இன்னும் தண்ணிகூட ஊத்தல."

அம்மாள் போட்டிருக்கிறது என்றால் அம்மை வந்திருக்கிறது என்று பொருள். எங்கள் லயத்தில் அதை நோய் என்று யாரும் சொல்லமாட்டோம். மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்போம். வந்தவளை மருந்து கொடுத்து விரட்டக் கூடாது. மாத்திரை ஆகாது, ஊசி அறவே ஆகாது. வாசலில் வேப்பிலை செருகுவோம், வீட்டில் தாளிக்கமாட்டோம், வெளியாளை உள்ளே விடமாட்டோம். காய்ச்சல் விட்டதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால் அவள் இறங்கிப் போய்விடுவாள்.

மருந்துக் கடையில் பதினொரு வருடம் நின்றவள் இதை எப்படி நம்பினாய் என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பிக்கு அம்மாள் போட்டது. அவனுக்கு நான்கு வயது. மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பயந்துபோய் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள். ஊசி போட்டார்கள். மறுநாள் செத்துப்போனான். ஊசி போட்டதால்தான் போனான் என்று லயம் முழுக்கச் சொன்னது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். சாகும்வரை அவள் அதைச் சுமந்தாள். கடைசியில் அவளே அதை நம்பவும் தொடங்கிவிட்டாள். அம்மையோடு சேர்ந்து நுரையீரலில் சளி கட்டித்தான் அவன் போயிருப்பான் என்பது கடையில் நின்று யோசித்தால் எனக்குத் தெரியும். லயத்தில் நின்று யோசித்தால் தெரியாது.

அன்றைக்கு எட்டிப் பார்த்த அக்காவின் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள். நான் கையிலிருந்த மாத்திரை அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வேப்பங்கொத்து ஒடித்துவந்து வாசலில் செருகினேன்.

முதலாளிக்குப் போன் செய்து லீவு கேட்டேன். அவர் கட்டுகஸ்தோட்டைக்காரர், ஐந்து நேரமும் தொழுகிற மனிதர்.

"புள்ளக்கி ரத்தம் பாத்தா?" என்று கேட்டார்.

"இல்ல முதலாளி, இது அம்மாள்."

"அப்ப சரி. உங்கட முறைப்படி செய்ங்க. அல்லாஹ் சுகத்தக் குடுக்கட்டும்" என்றார். என்னுடைய சாமியை மதித்துத்தான் அப்படிச் சொன்னார். அன்றைக்கு அவர் மதிக்காமல் ஒரு சத்தம் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் வேப்பிலையின் மேல் கிடந்தாள். இளநீர் கொடுத்தேன், கூழ் கொடுத்தேன். வீட்டுக்காரர் போனில் கேட்டபோது, "அம்மாள்தான், பயப்படாதீங்க" என்றேன். பொட்டுகள் நீர் கோக்கவே இல்லை. அம்மை என்றால் கொப்புளம் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்தா மனமிரங்கிவிட்டாள், அதுவும் வெள்ளிக்கிழமை பார்த்து இறங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் தண்ணீரை வெயிலில் வைத்தேன். பத்து மணிக்குத் தலைக்கு ஊற்றினேன். மூன்றாவது செம்பு ஊற்றும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். கை கால் இரண்டும் பனிக்கட்டி. பச்சையாக வாந்தி எடுத்தாள். ஒன்றுக்குப் போனாயா என்று கேட்டேன். நேற்று மத்தியானத்திலிருந்து போகவில்லை என்றாள்.

காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஆபத்தைப் பற்றி எங்கள் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வயிற்றுவலி, வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவது என் வேலை. ஈரத் தலையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அந்தத் தாள்தான் கண்முன்னால் நின்றது. ஒன்றுவிடாமல் நான்கும் அவளுக்கு இருந்தது.

பெரியாஸ்பத்திரி எங்கள் மலையின் அடியிலேயே இருக்கிறது. ஹந்தானை பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத் தூரத்தை நான் இரண்டு நாட்களாகக் கடக்காமல் இருந்திருக்கிறேன்.

வாட்டில் ஒரு சின்ன வயதுப் பெண் டொக்டர். கட்டிலைச் சுற்றி மூன்று நான்கு பேர், ஒருவர் ரத்தம் எடுக்க, ஒருவர் சேலைன் ஏற்ற, டொக்டர் சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

"காய்ச்சல் எப்ப தொடங்கினது? இது எத்தனையாவது நாள்?"

என்னுடைய கேள்வி. பதினொரு வருடமாக நான் மற்றவர்களிடம் கேட்ட அதே கேள்வி. பதில் என் நாக்கிலேயே இருந்தது. திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி.

"நேத்துத்தான்" என்றேன். "நேத்துக் காலையில."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், காய்ச்சல்காரப் பிள்ளையை வேப்பிலையில் போட்டுவைத்திருந்த தோட்டத்துப் பொம்பிளை என்று அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று டொக்டர் கேட்டபோது, வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அவளுடைய தலை ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று ஒரு நர்ஸ் மிஸ் கேட்டபோது, வெள்ளிக்கிழமை அல்லவா, மஞ்சள் தேய்த்துக் குளித்தாள் என்றேன். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வருகிறது, மூச்சுமாதிரி.

மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். அவளுடைய ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் "நேத்துத்தான்" என்று சொன்ன நேரத்தில் அந்தப் பிடி இறுகியது. வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவளுடைய விரல்களைத் தடவிக்கொடுத்தேன்.

ரத்த ரிப்போட் வந்தது. டொக்டர் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரியா நேத்துத்தானா? முன்னால கொஞ்சமாவது சூடு இருந்ததா?"

"இல்ல டொக்டர்."

ஒரு மணி நேரத்தில் திரும்பவும் வந்து கேட்டார். திரும்பவும் இல்லை என்றேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன மேசை, அதில் ஒரு தாள். டொக்டர் அந்தத் தாளில் கட்டம் கட்டமாக ஏதோ எழுதுவார், பேனாவால் தட்டுவார், எழுதியதைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவருக்குக் கணக்கு சரிவரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த வாட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். எந்த நேரத்தில் கசியத் தொடங்கியது என்று தெரிந்தால்தான் எவ்வளவு சேலைன் ஏற்றலாம், எத்தனை மணி நேரம் ஏற்றலாம் என்று முடிவுசெய்யலாம். கூடிப்போனால் நெஞ்சில் நீர் கோக்கும். குறைந்துபோனால் பிரஷர் விழுந்துவிடும். நான் சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என் மகளின் உயிரைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். தங்கைக்கு டெங்கு, ஆபத்தைத் தாண்டிவிட்டாள். முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் தங்கை அவரை ராத்தா, ராத்தா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மகளின் தலையணையைச் சரிசெய்ய அவர்தான் எனக்குக் கைகொடுத்தார். அப்போது அவளுடைய ஈரமுடிக்குள்ளிருந்து ஏதோ ஒன்றை எடுத்தார். டிசுவில் மடித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"தலையில ஈந்திச்சி" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். ஒரு வேப்பிலை.

ராத்தா மெதுவாகக் கேட்டார். "எத்தின நாளு புள்ள?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஒங்க வேலையப் பாத்துக்கிட்டு இருங்க" என்று கத்தினேன். வாட்டே திரும்பிப் பார்த்தது. அவர் எழுந்து போனார். முகம் கழுவிவந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த கொஞ்ச இடத்தில் ஒரு துணியை விரித்துத் தொழத் தொடங்கினார்.

அதைப் பார்க்க முடியாமல் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் கீழே இறங்கினேன். வெளியே ஒரு மதிலோரம் அரசமரம், அடியில் சின்னப் புத்தர் சிலை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வெள்ளைப் பூ வைத்து, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் போத்தல் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினேன். அங்கேயே நின்று எங்கள் தோட்டத்து மாரியம்மனையும் கூப்பிட்டேன், டவுனில் இருக்கும் பிள்ளையாரையும் கூப்பிட்டேன். ராத்தா கூப்பிடுகிற இறைவனையும் விடவில்லை. பாற்குடம் எடுக்கிறேன் என்றேன், தலைமுடியைத் தருகிறேன் என்றேன், வாழ்நாள் முழுக்க வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்கிறேன் என்றேன். ஆத்தாளைத் திட்டவும் செய்தேன். உன்னை நம்பித்தானே வேப்பிலையில் கிடத்தினேன், கண்ணில்லையா உனக்கு, நீ வரவேயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று.

அப்படி அழுதுகொண்டே நிற்கும்போதுதான், நான் என்ன கேட்கிறேன் என்பது என் காதிலேயே விழுந்தது. "எம்புள்ளையக் காப்பாத்து. யாருக்கும் தெரியாமக் காப்பாத்து." திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பிழைக்க வேண்டும், என் மானமும் பிழைக்க வேண்டும், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சாமி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த மரத்துக்கு முன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேப்பிலையை நான் ஆத்தாளுக்குப் பயந்து செருகியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். எதிர்க் காம்பராவுக்குப் பயந்துதான் செருகினேன். இப்போது டொக்டருக்குப் பயந்து மறைக்கிறேன். இதில் சாமி எங்கே இருக்கிறது?

போத்தலை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். படியில் கால் தடுக்கி முழங்காலில் விழுந்தேன். வாட்டுக்குள் போனபோது மகளின் உதடு வெளுத்திருந்தது. டொக்டர் அந்தச் சின்ன மேசையில் குனிந்திருந்தார். பார்வையாளர் நேரம் தொடங்கி, வாட்டு முழுக்கச் சனம்.

"டொக்டர், நான் பொய் சொன்னேன்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "திங்கக்கெழமை தொடங்கினது. பின்னேரம் அஞ்சு மணிக்கு. அம்மைன்னு நெனச்சு வீட்டுல வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையில காய்ச்சல் விட்டுச்சு. விட்டதும் தலைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினேன். நேத்து மத்தியானத்துக்குப் பொறகு ஒண்ணுக்குப் போகல. நான் வீட்டுல இருக்கிற ஆளில்ல. மருந்துக் கடையில வேல செய்றேன். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

டொக்டர் கடைசி வரிக்கு மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். "காய்ச்சல் விட்டது எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். "ஆறு மணிக்குத் தொட்டுப் பாத்தேன், இல்ல" என்றேன். பேனாவை எடுத்துத் தாளில் முதல் கட்டத்தை அடித்தார். ஒரு புதிய தாளை எடுத்து முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே யாருக்கோ போன் செய்தார். பெரிய டொக்டர் வந்தார், ஸ்கேன் மெஷின் வந்தது, சேலைன் மாறியது. என்னைச் சுவரோரம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நிற்பது எனக்குத் தெரிந்த வேலைதானே.

பார்க்க வந்திருந்த சனம் என்னைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டது. ஒரு பெண் தன் மகளிடம் காதுக்குள் ஏதோ சொன்னாள். நான் பயந்த அதே பார்வை. அது என்மேல் விழுந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதற்கா பயந்தேன், இதற்கா என்று தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அதன் பிறகு ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிழைப்பாளா என்று கேட்டதற்கு, "இன்னும் சொல்ல முடியாது" என்றார் டொக்டர். என்னிடம் ஓர் அளவுக் கோப்பையைக் கொடுத்தார்கள். அவள் குடிக்கும் ஒவ்வொரு மடக்கையும், கழிக்கும் ஒவ்வொரு சொட்டையும் அளந்து தாளில் எழுத வேண்டும். மணிக்கு இவ்வளவு வரவேண்டும் என்று கணக்கு. முதல் நாலு மணி நேரம் பத்து மில்லிகூட வரவில்லை. நான் எத்தனையோ கோயில்களில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொன்றும் கலக்காமல் ஒன்றே ஒன்றைக் கேட்டது மகளுடைய மூத்திரத்துக்காகத்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் முப்பது மில்லி வந்தது. கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணை நானே நம்பாமல் ராத்தாவைக் கூப்பிட்டேன். அவர் கூச்சப்படாமல் கோப்பையை வாங்கி அளவைப் பார்த்தார்.

"முப்பது சரியா ஈக்கி. எழுதுங்க" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராத்தா, நேத்துக் கோவத்துல கத்திட்டேன்."

"நா மறந்து போச்சி. புள்ளக்கி துஆ கேக்கிற நேரத்தில அதெல்லாம் யாரு நெனவு வெக்கிற? தேத்தண்ணி ஈக்கி, குடிங்க."

வீட்டுக்காரர் சனிக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து வந்தார். அவரிடமும் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். அவர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன்ல ஒரு தடவ உண்மையச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்தாவின் தங்கையை வீட்டுக்கு விட்டார்கள். போகும்போது அவர் மகளின் நெற்றியில் கை வைத்து ஏதோ ஓதி ஊதினார். என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருடைய பெயரைக் கேட்கவே இல்லை, போன் நம்பரும் வாங்கவில்லை. கடையில் நிற்கும்போது முஸ்லிம் பெண்கள் யாராவது வந்தால் அவர்தானோ என்று பார்ப்பேன். இதுவரை வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வாசலில் வேப்பங்கொத்து காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்க் காம்பரா அக்கா ஓடிவந்தார். "ஆத்தாதான் காப்பாத்திக் குடுத்துருக்கா. பெரிய மனசு அவளுக்கு. வெள்ளிக்கெழம மாவிளக்குப் போட்டுரு" என்றார். எனக்கு வாய் துடித்தது. அவர் செய்தது என்ன, பார்த்ததைச் சொன்னார். மாத்திரையை வைத்துப் பூட்டியது நான்தானே. "சரிக்கா" என்றேன். காய்ந்த கொத்தை நானே பிடுங்கி எறிந்தேன்.

இப்போதெல்லாம் காலையில் ஹந்தானை பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. கோயிலைத் தாண்டும்போது போவதைப்போலவே. பக்கத்தில் இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கால்மாட்டு மேசையை நினைத்துத்தான் கும்பிடுகிறேன். என் வாழ்க்கையில் நான் முழு உண்மையாக நின்ற இடம் அது ஒன்றுதான். அங்கேயும் பாதி நாள் தாமதமாகத்தான் போய் நின்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மகள் கொஞ்சம் நடக்கத் தொடங்கியிருந்தாள். மாவிளக்குத் தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். ஆத்தாள் முன்னால் நின்று எதையும் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. விளக்கு எரிந்து முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பினோம். மலைப்பாதையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்காரவைத்தேன். கீழே டவுன் தெரிந்தது, ஆஸ்பத்திரிக் கூரையும் தெரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அன்னைக்கு டொக்டர் கேட்டப்ப எனக்கு நெனவு இருந்துச்சும்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எத்தனையாவது நாள்னு கேட்டாங்கல்ல. நீங்க நேத்துன்னு சொன்னீங்க. திங்கக்கெழமன்னு சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்துச்சு. இத்தன பேருக்கு முன்னால நீங்க அவமானப்பட்டுருவீங்கன்னு சொல்லல."

என் மணிக்கட்டில் அவளுடைய பிடி இறுகியது நினைவுக்கு வந்தது. வலி என்று நினைத்து நான் தடவிக்கொடுத்த அந்த விரல்கள்.

"செத்துப் போயிருப்பியேடி" என்றேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பதைப்போல. தட்டில் மிஞ்சியிருந்த மாவைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

தாயின் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு சாக வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதினாறு வருடமாக அவளோடு அந்தக் காம்பராவில் இருந்தது நான்தான்.